வாரத்தின் 168 மணி நேரம்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

உன் வகுப்பு அட்டவணை கிடைத்தது. அதோடு நீ எழுதியிருந்த கேள்வியையும் பார்த்தேன்: "பெரியம்மா, நர்சிங் படிக்க ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்கணும்?" முதல் செமஸ்டர் பிள்ளைகள் எல்லாரும் கேட்கிற கேள்விதான். பிளஸ் டூ வரைக்கும் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஒரே மாதிரி போனதால் நாள் கணக்கு போதுமானதாக இருந்தது. இனிமேல் போதாது. செவ்வாய்க்கிழமை முழுக்க வகுப்பில் உட்கார்ந்திருப்பாய், புதன்கிழமை காலை வார்டில் நின்றுகொண்டிருப்பாய். இந்த இரண்டு நாள் மாலைகளிலும் ஒரே அளவு படிக்க உடம்பும் இடம் கொடுக்காது, மூளையும் இடம் கொடுக்காது. அதனால் உனக்கு வாரக் கணக்கைச் சொல்லித் தருகிறேன். கொஞ்சம் நீளமான கடிதம். ஞாயிற்றுக்கிழமை சாவகாசமாகப் படி.

முதலில் உன் படிப்பு எப்படி அளக்கப்படுகிறது என்று தெரிந்துகொள். இந்திய நர்சிங் கவுன்சில் 2021-இல் கொண்டுவந்த புதிய பாடத்திட்டத்தில் பி.எஸ்சி. நர்சிங் எட்டு செமஸ்டர். கடைசி செமஸ்டரைத் தவிர ஒவ்வொரு செமஸ்டருக்கும் 20 வாரம், வாரத்துக்கு 40 மணி நேரம், ஆக மொத்தம் 800 மணி. இது எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. பலரும் கவனிக்காமல் விடுவது கிரெடிட் கணக்கை. வகுப்பறைப் பாடத்துக்கு ஒரு கிரெடிட் என்றால் வாரம் ஒரு மணி நேரம். லேபுக்கு ஒரு கிரெடிட் என்றால் வாரம் இரண்டு மணி நேரம். வார்டுக்கு ஒரு கிரெடிட் என்றால் வாரம் நான்கு மணி நேரம்.

உன் அட்டவணையிலேயே நர்சிங் ஃபவுண்டேஷன் ஒன்று என்று இருக்கிறதே, அதை எடுத்துக்கொள். வகுப்புக்கு ஆறு கிரெடிட், லேபுக்கு இரண்டு, வார்டுக்கு இரண்டு. இந்த எண்களை மட்டும் பார்த்தால் வார்டு ஏதோ ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருப்பது போலத் தோன்றும். மணி நேரமாக மாற்றிப் பார். வகுப்பு 120 மணி, லேப் 80 மணி, வார்டு 160 மணி. இரண்டே கிரெடிட் என்று போட்டிருந்த வார்டுதான் அந்தப் பாடத்தில் பெரும் பங்கைப் பிடித்திருக்கிறது. கிரெடிட் பட்டியலை வைத்து நேரத்தைத் திட்டமிடும் பிள்ளைகள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். அனாட்டமிக்கும் பிசியாலஜிக்கும் மட்டும் நேரம் ஒதுக்கிவிட்டு, வார்டு தன்னால் நடந்துவிடும் என்று இருந்துவிடுகிறார்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். முதல் செமஸ்டரில் உனக்கு வாரத்துக்குச் சராசரியாக 8 மணி நேரம் வார்டு. இரண்டாவது செமஸ்டரில் அது 16 ஆகும். மூன்றாவதில் அடல்ட் ஹெல்த் நர்சிங் தொடங்கும்போது 24 ஆகும். அதே மூன்றாவது செமஸ்டரில் வகுப்பு நேரம் வாரத்துக்கு, முதல் செமஸ்டரின் 20-லிருந்து 11 ஆகக் குறைந்திருக்கும். அப்போது சீனியர்கள் யாராவது "இந்த செமஸ்டர் கிளாஸ் கம்மி, ஜாலிதான்" என்பார்கள். நம்பாதே. வகுப்பு குறைந்த செமஸ்டரில்தான் வேலை கூடியிருக்கும். அது அட்டவணையில் வேறு கட்டத்துக்கு நகர்ந்திருக்கும், அவ்வளவுதான்.

இப்போது உன் வாரத்தைக் கூட்டிக் கழிக்கலாம். ஏழு நாளும் சேர்த்தால் 168 மணி நேரம். கல்லூரிக்கு 40 போக 128. ஒரு நாளைக்கு ஏழு மணி நேரத் தூக்கம் என்று 49-ஐ எடுத்து வைத்துவிடு. இதை ஏன் முதலிலேயே எடுக்கச் சொல்கிறேன் என்று பிறகு சொல்கிறேன். மீதி 79. குளிக்க, சாப்பிட, மெஸ்ஸில் வரிசையில் நிற்க, துணி துவைக்க, யூனிஃபார்மை இஸ்திரி போட, ஹாஸ்டலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடக்க எல்லாம் சேர்த்து நாளுக்கு நான்கு மணி நேரம் போகும். வாரத்துக்கு 28. கையில் நிற்பது 51 மணி நேரம். உன் சொந்தப் படிப்பு, எழுத்து வேலை, வீட்டோடு பேசுவது, தோழிகள், கோயில், சினிமா, சும்மா இருப்பது எல்லாமே இந்த 51-க்குள்தான்.

இதில் படிப்புக்கு எவ்வளவு? வகுப்பு ஒவ்வொரு மணிக்கும் முக்கால் மணி நேரச் சொந்தப் படிப்பு என்று வை. 20 மணி வகுப்புக்கு 15. வார்டு ஒவ்வொரு மணிக்கும் அரை மணி நேர முன்தயாரிப்பும் எழுத்தும் சேர்த்து 4. லேபில் பார்த்ததைக் கையால் செய்து பழக 2. மொத்தம் 21. இது விதி ஒன்றும் இல்லை, கவுன்சில் எழுதி வைத்ததும் இல்லை. பல வருஷம் பிள்ளைகளைப் பார்த்து நான் வந்து சேர்ந்த அளவு. முதல் சில வாரங்களில் கொஞ்சம் முன்னே பின்னே போகும்.

21-ஐ ஏழால் வகுத்தால் நாளைக்கு மூன்று மணி நேரம் வரும். நீ கேட்ட கேள்விக்கு அது பதில் மாதிரி தெரியலாம். ஆனால் அப்படிச் சமமாகப் பிரிக்காதே. வாரத்தில் இரண்டு நாள் வார்டு போஸ்டிங் என்றால் அந்த நாட்களில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் திட்டம் போடாதே. நான்கு வகுப்பு நாட்களில் மூன்றரை மணி நேரம் வை. ஞாயிறு காலையில் மூன்று மணி நேரம். கணக்கு சரியாக 21-க்கு வந்துவிடும். ஞாயிறு மதியத்துக்குப் பிறகு புத்தகத்தைத் தொடாமல் இருக்கப் பழகு. அந்த அரை நாள் ஓய்வுக்கு நீ யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

சராசரி என்று சொன்னேனே, அதிலும் ஒரு சிக்கல் உண்டு. உன் கல்லூரி முதல் சில வாரங்களில் வகுப்பையே நடத்தி முடித்துவிட்டு, பிறகு தொடர்ந்து போஸ்டிங் போடலாம். அப்போது ஒரு வாரத்தில் வார்டே இருக்காது, இன்னொரு வாரத்தில் தினமும் வார்டு இருக்கும். அதனால் ஒரே ஒரு அட்டவணையைப் போட்டுச் சுவரில் ஒட்டி வைத்தால் மூன்றாவது வாரமே அது பயனற்றுப் போகும். பிள்ளைகள் அதைத் தங்கள் சோம்பேறித்தனம் என்று நினைத்து மனம் ஒடிந்துவிடுகிறார்கள். மூன்று தாள் தயார் செய்: வகுப்பு வாரத்துக்கு ஒன்று, போஸ்டிங் வாரத்துக்கு ஒன்று, இன்டர்னல் தேர்வு வாரத்துக்கு ஒன்று. போஸ்டிங் லிஸ்ட் ஒட்டியதும் எந்த வாரத்துக்கு எந்தத் தாள் என்று காலண்டரில் குறித்துவிடு.

அடுத்து வார்டு நேரத்தைப் பற்றி. இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வார்டில் இருக்கும் நான்கு மணி நேரம் நான்கு மணியோடு முடிவதில்லை. முதல் நாள் மாலையே அதற்கான வேலை தொடங்கிவிடும். உனக்கு ஒதுக்கப்பட்ட படுக்கையில் இருப்பவருக்கு என்ன நோய், என்ன மருந்து போகிறது, என்ன சோதனை எடுத்திருக்கிறார்கள் என்று குறித்து வந்திருப்பாய். மாலையில் அதை ஒருமுறை படித்துவிட்டுத் தூங்கப் போ. அரை மணி நேரம் போதும். மறுநாள் வார்டு முடிந்து வந்ததும், குளித்துச் சாப்பிட்டு ஒரு மணி நேரம் படுத்துவிட்டு, அன்று மாலையே ரெக்கார்டை எழுது. கேர் பிளானையும் அன்றே எழுது. அந்த அம்மாவின் முகம், மூச்சு வாங்கிய விதம், காலில் இருந்த வீக்கம் எல்லாம் மனசில் இருக்கும்போது எழுதினால் நாற்பது நிமிஷத்தில் முடியும். பத்து நாள் கழித்து எழுத உட்கார்ந்தால் இரண்டு மணி நேரம் ஆகும். அதைவிட மோசம், அப்போது நீ எழுதுவது அந்த அம்மாவைப் பற்றியதாக இருக்காது; பக்கத்து மாணவியின் ரெக்கார்டைப் பார்த்து எழுதியதாகத்தான் இருக்கும். செமஸ்டர் முடிவில் மூன்று ராத்திரி கண் விழித்து ரெக்கார்டு எழுதும் வழக்கம் எல்லாக் கல்லூரியிலும் இருக்கிறது. நீ அதில் சேராதே. ஒரு நோயாளி தன் உடம்பை நீ தொட்டுப் பார்க்க அனுமதித்திருக்கிறார். அவரைப் பற்றி நீ எழுதும் தாள் உண்மையாக இருக்க வேண்டும்.

மூன்றாவது செமஸ்டரில் இந்த எழுத்து வேலை எவ்வளவு பயன் தரும் என்று ஒரு உதாரணம் சொல்கிறேன். இதயச் செயலிழப்புள்ள ஒருவருக்கு ஃப்ரூசிமைடு போகிறது என்று வை. வார்டில் எல்லாரும் லாசிக்ஸ் என்பார்கள். சிறுநீரை அதிகமாக வெளியேற்றி வீக்கத்தைக் குறைக்கிற மருந்து. சிறுநீரோடு பொட்டாசியமும் போய்விடும். அதே நோயாளிக்கு டிகாக்சினும் போனால் பொட்டாசியம் குறைவது ஆபத்து. டிகாக்சினின் நச்சு விளைவு கூடும், இதயத் துடிப்பு தாறுமாறாகும். இதைப் பார்மகாலஜி புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்தால் தேர்வு முடிந்ததும் மறந்துபோகும். அன்று மாலை அந்த நோயாளியின் சார்ட்டை நினைத்துக்கொண்டு, "காலையில் சிஸ்டர் ஏன் பொட்டாசியம் ரிசல்ட்டைத் தேடினார்?" என்று யோசித்துப் படித்தால் மறக்காது. ஒரு அரை மணி நேரத்தில் பார்மகாலஜியும் பிசியாலஜியும் அடல்ட் ஹெல்த்தும் சேர்ந்து படித்தாயிற்று. வார்டை ஒட்டிய படிப்புக்கு நான் முதலிடம் கொடுக்கச் சொல்வது இதனால்தான்.

முதல் செமஸ்டரில் இவ்வளவு கடினம் இருக்காது. படுக்கை விரிப்பது, நோயாளியைக் குளிப்பாட்டுவது, வைட்டல்ஸ் பார்ப்பது இவைதான். ஆனால் சின்ன வேலை என்று நினைக்காதே. மூச்சை ஒரு முழு நிமிஷம் எண்ண வேண்டும். கால் நிமிஷம் எண்ணி நான்கால் பெருக்கிப் போடுகிறவர்களைப் பார்ப்பாய். நீ முழு நிமிஷமும் நில். பி.பி. பார்ப்பதற்குக் காது பழக வேண்டும். லேபில் டெமோ பார்த்து, ரிட்டர்ன் டெமான்ஸ்ட்ரேஷன் ஒருமுறை செய்தால் கை வராது. அதற்குத்தான் வாரத்தில் இரண்டு மணி நேரம் தனியாக வைக்கச் சொன்னேன். ஹாஸ்டலில் மெலிந்த கை, பருத்த கை என்று விதவிதமான தோழிகள் இருப்பார்கள். எல்லாருக்கும் பார். கை கழுவுவதையும் இப்படியே பழகு. சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 விநாடி, கைத்தேய்ப்பு மருந்து என்றால் 20 முதல் 30 விநாடி என்பது உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. வார்டு பரபரப்பில் அந்த விநாடிகள்தான் முதலில் காணாமல் போகும். நேரத்தைப் பற்றிப் பேசும்போது இதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும், கண்ணம்மா. ஒரு படுக்கைக்கும் அடுத்த படுக்கைக்கும் நடுவில் அரை நிமிஷம் செலவழிக்க மனசு வராதவர்களால் தொற்று பரவுகிறது.

அட்டென்டன்ஸ் விதியைத் தெரிந்துகொண்டாயா? வகுப்புக்கு 80 சதவீதம் இருந்தால் தேர்வு எழுதலாம். வார்டுக்கு அப்படிக் கழிவு கிடையாது. பட்டம் வாங்குவதற்குள் ஒவ்வொரு பிரிவிலும் 100 சதவீதம் முடித்திருக்க வேண்டும். பொங்கலுக்கு ஊருக்குப் போய் இரண்டு நாள் கூடுதலாகத் தங்கினால், வகுப்பு நாளானால் 20 சதவீதத்துக்குள் கரைந்துபோகும். போஸ்டிங் நாளானால் பின்னால் ஒரு விடுமுறையில் போய் நின்று ஈடுகட்ட வேண்டும். டிக்கெட் போடுமுன் போஸ்டிங் லிஸ்டைப் பார்.

காய்ச்சல், வாந்தி, கண் நோய் என்று இருந்தால் மட்டும் இந்த 100 சதவீதத்தைப் பார்த்துப் பயந்துகொண்டு வார்டுக்குப் போய்விடாதே. அங்கே குறைப்பிரசவக் குழந்தையும், ஆபரேஷன் முடிந்தவரும், எதிர்ப்புச் சக்தி குறைந்தவரும் இருப்பார்கள். ட்யூட்டரிடம் காலையிலேயே சொல்லிவிடு. ஈடுகட்டும் நாளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். திட்டுவார்களோ என்று மறைத்து, மாத்திரை போட்டுக் காய்ச்சலை அமுக்கிக்கொண்டு போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். கல்லூரி கடுமையாக இருப்பதால்தான் அப்படிச் செய்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அப்படி ஒரு நிலைமை வந்தால் என்னைக் கூப்பிடு. நான் பேசுகிறேன்.

சொந்தப் படிப்புக்கு 15 மணி நேரம் என்று சொன்னேன். அதை எப்படிச் செலவழிப்பது? திரும்பத் திரும்ப வாசிப்பதில் போக்காதே. ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2006-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஒரு பத்தியை மாணவர்களில் ஒரு பகுதியினர் மறுபடி மறுபடி வாசித்தார்கள். இன்னொரு பகுதியினர் ஒருமுறை வாசித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிஷம் கழித்துச் சோதித்தபோது வாசித்தவர்கள் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது எழுதிப் பார்த்தவர்கள் முன்னால் வந்துவிட்டார்கள். உனக்கு வேண்டியது ஐந்து நிமிஷ ஞாபகம் இல்லையே. ஆகவே முக்கால் மணி நேரத்தில் இருபது நிமிஷம் வாசி, புத்தகத்தை மூடு, வெள்ளைத் தாளில் எழுது, படம் போடு, பிறகு திறந்து சரிபார். இடுப்பில் ஊசி போடும் இடத்தை வரைந்து, சயாட்டிக் நரம்பு எந்தப் பக்கமாகப் போகிறது என்று குறி. அனாட்டமி தேர்வுக்கும் அதுதான் உதவும், பின்னால் ஒருவரின் கால் மரத்துப்போகாமல் காப்பதும் அதுதான்.

நீ தமிழ் வழியில் படித்தவள். இதை யாரும் பெரிதாகச் சொல்ல மாட்டார்கள், நான் சொல்கிறேன். உன் பக்கத்தில் ஆங்கில வழியில் படித்து வந்தவள் ஒரு பக்கத்தைப் பத்து நிமிஷத்தில் முடிப்பாள். உனக்கு இருபது நிமிஷம் ஆகும். அறிவில் குறை ஒன்றுமில்லை. நீ ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்கிறாய். முதல் செமஸ்டரில் அந்த வேலைக்கென்று வாரத்துக்கு நான்கு மணி நேரம் கூடுதலாக ஒதுக்கு. 21 என்பது 25 ஆகும். 51-இல் இன்னும் 26 மிச்சம் இருக்கிறது, பயப்படாதே. பாடத்தை முதலில் தமிழில் உனக்கு நீயே உரக்கச் சொல்லிப் பார். இதயத்தின் நான்கு அறைகள், ரத்தம் எங்கிருந்து எங்கே போகிறது என்று நம் வீட்டுப் பாட்டிக்குச் சொல்வது போலச் சொல். புரிந்தது என்று தெரிந்தபின் ஆங்கிலத்தில் எழுது. இந்தப் பழக்கம் வார்டில் கைகொடுக்கும். நோயாளி கேட்கும்போது, "உங்களுக்கு இதயத்தின் பம்ப் வேலை குறைஞ்சிருக்கு, அதான் கால் வீங்குது" என்று தெளிவாகச் சொல்லத் தெரிந்த பிள்ளையாக இருப்பாய். இரண்டாவது செமஸ்டரில் இந்த நான்கு மணி இரண்டாகும். அதற்குப் பிறகு தேவைப்படாது.

தூக்கத்துக்கு வருகிறேன். 49 மணி நேரத்தை முதலிலேயே எடுத்து வைக்கச் சொன்னேன். நேரம் போதவில்லை என்றால் எல்லாரும் கை வைக்கிற இடம் இதுதான் என்பதால் சொன்னேன். 1997-இல் டாசன், ரீட் என்ற ஆய்வாளர்கள் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹால் இருப்பவருடையதற்குச் சமமாகக் குறைகிறது என்று அதில் காட்டினார்கள். நம் நாட்டில் 30 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் வண்டி ஓட்டுவதே குற்றம். காலை ஆறு மணிக்கு எழுந்தவளுக்கு ராத்திரி பதினொரு மணியோடு 17 மணி நேரம் ஆகிவிடுகிறது. அதற்கு மேல் விழித்து, நாலு மணி நேரம் மட்டும் தூங்கி, காலை ஏழரைக்கு வார்டுக்குப் போகிறவளை நினைத்துப் பார். மருந்தின் அளவைக் கணக்குப் போட வேண்டியவள் அவள். ஒரு தசமப் புள்ளி தவறினால் பத்து மடங்கு மருந்து போய்விடும்.

போஸ்டிங்குக்கு முந்தின இரவு பத்தரை மணிக்கு மேல் புத்தகம் வேண்டாம். படிப்பு பாக்கி இருந்தால் பாக்கியாகவே இருக்கட்டும். அரைகுறைத் தூக்கத்தோடு ஒரு நோயாளியின் பக்கத்தில் நிற்பதைவிட, இன்டர்னலில் நாலு மதிப்பெண் குறைவதை நான் ஏற்றுக்கொள்வேன். உன் அம்மாவும் ஏற்றுக்கொள்வாள்.

நைட் டியூட்டி பிறகு வரும். அப்போது கணக்கு மாறும். இரவு வேலை முடிந்து வந்த பகலை ஓய்வு நாளாகவும் படிப்பு நாளாகவும் எண்ணக் கூடாது. அது தூக்க நாள். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போட்டு, போனை அணைத்துவிட்டுத் தூங்க வேண்டும். எட்டாவது செமஸ்டரில் இன்டர்ன்ஷிப் 22 வாரம், வாரத்துக்கு 48 மணி நேரம், மொத்தம் 1,056 மணி. அந்த ஐந்து மாதத்தில் புதிதாகப் பாடம் படிக்க இடமிருக்காது. அதுவரை படித்ததெல்லாம் கையில் இறங்கும் காலம் அது. இப்போதே அதை நினைத்துக் கவலைப்படாதே. இரண்டாவது வருஷம் கடந்தால் உடம்பு தன்னால் பழகியிருக்கும்.

உன் தோழி எம்.பி.பி.எஸ். சேர்ந்திருக்கிறாள் என்றாய். அவளுக்கும் இதே கணக்கு உதவும். அவர்களுக்கு வகுப்புக்கு 75 சதவீதம், செய்முறைக்கும் வார்டுக்கும் 80 சதவீதம் வருகை வேண்டும். படிக்கும் அளவு உன்னுடையதைவிடக் கூடுதல், வார்டு நேரம் ஆரம்பத்தில் குறைவு. பிரிட்டனில் நர்சிங் படிக்கிறவர்களுக்கு மொத்தம் 4,600 மணி நேரம், அதில் சரிபாதி செய்முறைப் பயிற்சி. எந்த ஊரானாலும் இந்த வகைப் படிப்பில் நேரத்தை இப்படிக் கறாராக எண்ணுவதற்குக் காரணம் ஒன்றுதான். கையால் செய்யும் வேலையைப் புத்தகத்தில் படித்து ஈடுகட்ட முடியாது.

உன் வகுப்பில் தினமும் வீட்டிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள் இருப்பார்கள். போக ஒரு மணி, வர ஒரு மணி என்றாலே வாரம் ஆறு நாளில் 12 மணி நேரம் ரோட்டில் போய்விடும். உட்கார இடம் கிடைத்தால் சின்ன அட்டைகளில் எழுதிய மருந்துப் பெயர்களையாவது பார்க்கலாம். நின்றுகொண்டு வருகிறவளுக்கு அதுவும் முடியாது. வீட்டுக்குப் போனதும் பாத்திரம் கழுவ, தம்பி தங்கையைப் பார்க்க என்று இன்னும் பத்து மணி நேரம் போகும். இதைப் பையன்களிடம் யாரும் கேட்பதில்லை. பெண் பிள்ளையிடம்தான் கேட்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் "படிக்கவே மாட்டேங்கிறா" என்று பெயர் வாங்குகிறார்கள். 51-இல் 22 போனால் 29 மிஞ்சும். அதில் 21 படிப்புக்குப் போனால் அவளுக்கென்று நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் மிஞ்சும். உன் தோழிகளில் அப்படி யாராவது இருந்தால், மதிய இடைவேளையில் அவளோடு உட்கார்ந்து ரெக்கார்டு எழுது. அவளுக்கு அந்த நாற்பது நிமிஷம் பெரிய உதவி.

நீ செமஸ்டர் லீவில் வீட்டுக்குப் போகும்போதும் இதுதான் நடக்கும். உன் அம்மாவிடம் நான் ஏற்கனவே பேசிவிட்டேன். முதல் மூன்று நாள் உன்னைத் தூங்க விடச் சொல்லியிருக்கிறேன்.

போனைப் பற்றி நீண்ட உபதேசம் செய்யப் போவதில்லை. வாரத்தில் எத்தனை மணி நேரம் பார்த்தாய் என்று அதுவே கணக்குக் காட்டும். அந்த எண்ணை 51-இல் கழித்துப் பார். மிச்சத்தில் 21 கிடைக்கிறதென்றால் எனக்கு ஒன்றும் ஆட்சேபம் இல்லை.

இப்போது நீ செய்ய வேண்டியது இதுதான். எந்தத் திட்டமும் போடாமல் இரண்டு வாரம் உன் நேரம் எங்கே போகிறது என்று மட்டும் எழுது. ஒரு சின்ன நோட்டில் காலை, மதியம், மாலை, இரவு என்று நான்கு கட்டம் போட்டுக்கொள். மெஸ்ஸில் அரை மணி நேரம் நின்றாயானால் அரை மணி என்றே எழுது. அழுதுகொண்டு படுத்திருந்தாயானால் அதையும் எழுது. முதல் செமஸ்டரில் வீட்டு நினைவு வரத்தான் செய்யும், அதற்கும் நேரம் போகும். இரண்டு வாரம் முடிந்ததும் அந்தப் பக்கங்களையும், வரப்போகிற போஸ்டிங் லிஸ்டையும் எனக்கு அனுப்பு. மூன்று தாள்களையும் சேர்ந்து போடலாம். முதலில் போஸ்டிங் வாரத்துக்கான தாளைப் போடுவோம், அதில்தான் இடம் குறைவு.

பி.பி. பார்க்கும் கருவி வாங்க வேண்டும் என்றாயே, இப்போது வாங்காதே. என்னிடம் ஒன்று நல்ல நிலையில் இருக்கிறது, ஸ்டெத்தும் இருக்கிறது. அடுத்த வாரம் உன் சித்தப்பா அந்தப் பக்கம் வருகிறார், அவரிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
பெரியம்மா